மழையார் தங்கியிருந்த மார்கழி

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வந்த வான், திருகோணமலையில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது இரவு பதினொரு மணி. ஹபரணை தாண்டிக் கந்தளாய்க்கு வரும்போதே மழை பிடித்துவிட்டதாம். டொரோண்டோவில் இருந்து அண்ணா, மச்சாள், அவர்களின் இரண்டு பிள்ளைகள். லண்டனில் இருந்து தங்கச்சி, அவளின் கணவர், அவர்களின் இரண்டு பிள்ளைகள். விமான நிலையத்தில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து ஒரே வானில் வந்திருந்தார்கள். வீட்டில் ஏற்கெனவே அம்மா, நான், இவர், எங்கள் மகனும் மகளும். மொத்தம் 13 பேர், ஒரு குளியலறை, 16 நாட்கள். அது 2023 டிசம்பர் 17.

அந்தப் பதினாறு நாட்களில் முதல் நாலு நாளும் வீட்டில் சிரிப்பு இல்லை. பிறகு வந்த நாட்கள் சிரித்துச் சிரித்தே போயின. மழை முதல் நாளும் பெய்தது, கடைசி நாளும் பெய்தது. அப்படியென்றால் என்னதான் மாறியது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். விடுமுறைக்கு உறவுகள் வரக் காத்திருக்கிற வீட்டுக்காரர் யாருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் நினைத்து ஏங்குகிற திருகோணமலைக் கடல், சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடைப்பட்ட கடல். நிலாவெளியில் தண்ணீர் தெளிந்து நிற்கும், புறாத்தீவுக்குப் படகு ஓடும், பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் இறங்கி மீன் பார்ப்பார்கள். கார்த்திகையும் மார்கழியும் வேறு. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அலை கரையை அறுக்கும், வள்ளங்களை இழுத்து மேட்டில் ஏற்றிவிடுவார்கள், சந்தையில் மீன் விலை ஏறிவிடும். ஆனால் அங்கே பள்ளிக்கூடங்கள் நத்தாரை ஒட்டித்தான் மூடுகின்றன. அதனால் பனியில் இருந்து தப்பி வருகிறவர்கள் எங்கள் அடைமழைக்குள்தான் வந்து விழுகிறார்கள்.

மச்சாள் ஒரு தாளில் நாள்வாரியாகத் திட்டம் எழுதிக் கொண்டுவந்திருந்தா. முதல் நாள் புறாத்தீவு, இரண்டாம் நாள் மார்பிள் பீச், மூன்றாம் நாள் உப்புவெளியில் கடற்குளிப்பு. மூன்று நாளும் ஜன்னலைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாகப் போனது. அந்தத் தாளை அவர்கள் வருவதற்கு முன்பே நாங்கள் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். "இது மழைக்காலம், கடலுக்குப் போக ஏலாது, ஆனால் இன்னின்னது செய்யலாம்" என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால், மழையை யாரும் தங்களுக்கு நேர்ந்த நட்டமாக எடுத்திருக்கமாட்டார்கள். வருகிற சந்தோசத்தைக் கெடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லாமல் விட்டோம். நல்ல மனதோடு செய்த பிழை அது.

அதோடு சின்னச் சின்ன எரிச்சல்கள். பதின்மூன்று துவாய்களும் காயவில்லை. கொடி கட்ட இடமில்லாமல் கதிரைகளின் முதுகிலெல்லாம் ஈரம். சம்பலில் உறைப்பு கூட என்று மச்சாள் சொன்னா, போன முறை இதே உறைப்பைப் பிள்ளைகள் சாப்பிட்டவைதானே என்று தங்கச்சி சொன்னாள். இரண்டு பேரும் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு மத்தியானம் அடுப்படியில் பாத்திரச் சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது.

எல்லாவற்றையும்விட மோசமானது அண்ணாவின் சின்ன மகனுக்கு நடந்தது. பதினொரு வயது. தமிழ் வகுப்புக்குப் போகிறவன், கதைக்க ஆசையோடு வந்தவன். வந்த மறுநாள் விறாந்தையில் நின்று வானத்தைப் பார்த்து, "மாமி, மழை வாறான்!" என்று கூப்பிட்டான்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இவர் அதைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை தேத்தண்ணி குடிக்க வந்தால் "தேத்தண்ணி வாறான்", குளிக்கப் போனால் "வாளி வாறான்". பக்கத்து வீட்டு அக்கா வந்தபோது அவவுக்கும் சொல்லிக்காட்டினார். இவரின் மனதில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை, அந்தப் பிள்ளையில் அவ்வளவு விருப்பம். ஆனால் மூன்றாம் நாள் காலையில் நான் "புட்டு இன்னும் வைக்கட்டா, மகன்?" என்று கேட்டபோது அவன் தலையை மட்டும் ஆட்டினான். அதன் பிறகு தன் அக்காவோடு ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் தாழ்ந்த குரலில் கதைத்தான். ஒரு பிள்ளை தமிழை மூடி வைத்ததை நான் அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

21ஆம் திகதி பின்னேரம் காற்று பலமாக அடித்து கரண்ட் போனது. மோட்டார் இல்லை, அதனால் குழாயில் தண்ணீர் இல்லை. போன்களில் சார்ஜும் இல்லை. ஒரே அறையில் இரண்டு மெழுகுதிரியைச் சுற்றி எல்லோரும் இருந்தோம். யாரும் கதைக்கவில்லை. அப்போது அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுத்துத் தமிழில், வானொலிக் குரலில் தொடங்கினா.

"வணக்கம். நேரம் இரவு ஏழு மணி முப்பது நிமிடம். செய்திகள். மழையார் இன்று நான்காவது நாளாகவும் எங்கள் இல்லத்திலேயே தங்கியுள்ளார். மழை வாறான் என்ற செய்தியை முதன்முதலில் எங்களுக்கு அறிவித்தவர் டொரோண்டோச் செய்தியாளர். விருந்தாளி எப்போது புறப்படுவார் என்பதையும் அவரிடமே கேட்போம்."

அறை அமைதியாக இருந்தது. பிள்ளை அப்பம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவ உண்மையிலேயே பதிலுக்குக் காத்திருந்தா. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவன் சொன்னான்: "அப்பம்மா, மழை போகமாட்டான். அவனுக்கு டிக்கெட் இல்லை."

அந்தச் சிரிப்பு நிற்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். முதலில் சிரித்தவன் அவன்தான். மச்சாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. நானும் அண்ணாவும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வானொலிக் குரல் யாருடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரே சொல்தான், "மழை வாறான்". மூன்று நாளுக்கு முன் பிள்ளையின் வாயை அடைத்ததும் அதுதான், திறந்ததும் அதுதான். முதலில் நாங்கள் சிரித்தது அவனைப் பார்த்து. அம்மா அதே சொல்லை எடுத்து மழைக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளையைச் செய்தியாளர் ஆக்கிவிட்டா. எங்கள் ஊரில் பகிடி என்றும் நக்கல் என்றும் இரண்டு சொல் வைத்திருப்பது சும்மா இல்லை.

அண்ணாவின் மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள். மறுநாள் தேங்காய் துருவிக்கொண்டே இதைப் பற்றிச் சொன்னாள். கனடாவில் ரொட் மார்ட்டின் என்ற உளவியல் பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2003இல் நகைச்சுவையை நாலு வகையாகப் பிரித்தார்களாம். மற்றவர்களைச் சேர்த்துக்கொள்வது, தன் மனதைத் தானே தூக்கி நிறுத்துவது, மற்றவரைக் குத்துவது, தன்னைத்தானே குத்திக்கொள்வது. முதல் இரண்டும் மனதுக்கு நல்லது, பின் இரண்டும் அப்படியல்ல. ரொபேர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றியும் சொன்னாள். மனிதர் தனியே இருக்கும்போது சிரிப்பதைப் போல 30 மடங்கு, பலரோடு இருக்கும்போது சிரிக்கிறார்கள் என்று அவர் கண்டாராம். அந்தச் சிரிப்பில் பெரும்பகுதி பகிடி கேட்டு வருவதில்லை, சாதாரணப் பேச்சின் நடுவிலேயே வருகிறது. எனக்கு இந்த இரண்டாவது விசயம் மிகவும் பிடித்தது. வீட்டில் சிரிப்பு வேண்டுமென்றால் பகிடிக்காரர் ஒருவரைத் தேட வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே இடத்தில், கையில் ஒரு சின்ன வேலையோடு, அவசரமில்லாமல் இருக்க ஒரு நேரம் வேண்டும்.

அந்த நேரத்தை நாங்கள் இரவு ஏழரைக்கு வைத்தோம். கரண்ட் இருந்தாலும் லைட்டை அணைத்து மெழுகுதிரி கொளுத்தினோம். தினம் ஒருவர் வீட்டுச் செய்தி வாசிக்க வேண்டும். அண்ணாவின் மகன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வாசித்தான். "கையிருப்பு", "பற்றாக்குறை", "உத்தியோகபூர்வமாக" என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டான். "தேங்காய்க் கையிருப்பு நான்காகக் குறைந்துள்ளது. மாமாவின் இடது செருப்பு இரண்டாவது நாளாகவும் காணப்படவில்லை. நாய் கருத்துக் கூற மறுத்துவிட்டது." இதை அவன் வாசித்தபோது இவர் எழுந்துபோய் அவனைத் தூக்கிக்கொண்டார். பிறகு தனியே கூட்டிக்கொண்டுபோய் மன்னிப்பும் கேட்டார். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் குறைவு. அதனால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

ஒரு விதி வைத்தோம். செய்தியில் வருகிற ஆளுக்கு அதை முன்கூட்டியே வாசித்துக் காட்ட வேண்டும், "வேண்டாம்" என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். அந்த விதி வீண்போகவில்லை. தங்கச்சியின் கணவர் பத்து மணிவரை நித்திரை கொள்வதைப் பற்றிப் பிள்ளைகள் ஒரு செய்தி எழுதினார்கள். அவர் சிரித்துக்கொண்டே "அது மட்டும் வேண்டாம் பிள்ளையள்" என்றார். எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அண்ணாவிடம் மனம் விட்டுச் சொல்லியிருக்கிறார். வேலை போய் மூன்று மாதமாம், இரவில் கண் மூடுவதில்லையாம், விடிந்த பிறகுதான் நித்திரை வருகிறதாம். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. எத்தனை வீட்டில், எத்தனை விருந்தில், இப்படி ஒருவரை நடுவில் வைத்துச் சிரித்திருப்போம்.

ஆட்களைத் தொடாமல் பொருட்களைத் தொடுங்கள் என்றுதான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். மழை, செருப்பு, மோட்டார், துவாய், நாய் எதையும் வைத்துச் சிரிக்கலாம். உடம்பு, நிறம், சோதனைப் பெறுபேறு, கல்யாணம், பிள்ளை இல்லாதது, வேலை, விசா, பேச்சுத்தமிழ் இவற்றைத் தொடவே வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கிறவர்களிடம் எந்த இடம் புண்ணாக இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

மனம் லேசாக இருக்க உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். மத்தியானம் இரண்டில் இருந்து நாலு வரை யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது என்று அம்மா அறிவித்தா. படுக்கலாம், வாசிக்கலாம், தனியே மழை பார்க்கலாம். அடுப்படியைச் சுற்றுமுறையாக்கினோம். மச்சாள் சமைக்கிற நாளில் தங்கச்சி உள்ளே வருவதில்லை, தங்கச்சி சமைக்கிற நாளில் மச்சாள் வருவதில்லை. உறைப்புச் சம்பலுக்கு ஒரு கிண்ணம், உறைப்பில்லாததற்கு ஒரு கிண்ணம். துவாய்க்கு மட்டும் கடைசிவரை வழி கிடைக்கவில்லை.

மழைக்கேற்ற இடங்களையும் கண்டுபிடித்தோம். முதலாவது கன்னியா. நகரத்தில் இருந்து எட்டுக் கிலோமீட்டர் அளவுதான். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வெயில் காலத்தில் அந்தத் தண்ணீரை அள்ளி ஊற்ற உடம்பு தயங்கும். மார்கழித் தூறலில் குளிர்ந்து நடுங்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு வாளி சுடுதண்ணீர் தலையில் விழுந்தால் வருகிற சுகமே தனி. பிள்ளைகள் கிணற்றுக்குக் கிணறு ஓடி எது கூடச் சூடு என்று சண்டை பிடித்தார்கள். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்ய நிலத்தில் குத்தி உண்டாக்கிய ஊற்றுகள் என்று அம்மா கதை சொன்னா. அந்த நம்பிக்கையில் இன்றும் அங்கே வந்து இறந்தவர்களுக்குக் கிரியை செய்கிறார்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் தாங்களாகவே சத்தத்தைக் குறைத்தார்கள்.

இரண்டாவது கோணேசர் கோவில். 23ஆம் திகதி காலை மழை விட்ட ஒரு மணி நேரத்தில் கிளம்பினோம். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே ஏறும் பாதையில் மான்கள் நிற்கும். திருகோணமலையில் மான் காட்டுக்குள் ஒளிந்திருக்கிற மிருகம் இல்லை, தெருவில் நம்மோடு நடக்கும். மச்சாள் அர்ச்சனைத் தட்டோடு வானில் இருந்து இறங்கினா. புள்ளிமான் ஒன்று அமைதியாக வந்து, தட்டில் இருந்த வெற்றிலை முழுவதையும் வாயால் எடுத்துக்கொண்டு, அங்கேயே நின்று மென்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வந்ததில் இருந்து எதுவும் அவ நினைத்தபடி நடக்கவில்லை. மச்சாள் மானைப் பார்த்தா, வெறும் தட்டைப் பார்த்தா. பிறகு, "இண்டைக்குச் செய்தி நான்தான் வாசிப்பன்" என்றா.

அன்றிரவு அவ வாசித்தது: "கோட்டைக்குள் திடீர்ச் சோதனைச்சாவடி. புள்ளிச் சட்டை அணிந்த அதிகாரி ஒருவர் பயணியின் தட்டைப் பரிசோதித்து வெற்றிலையைப் பறிமுதல் செய்தார். அடையாள அட்டை கேட்கப்படவில்லை." பிள்ளைகள் மானுக்காகச் சிரித்தார்கள். சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்று வளர்ந்த அண்ணாவும் நானும் வேறு எதற்கோ சேர்த்துச் சிரித்தோம். மறுநாள் காலையில் அந்தத் திட்டத் தாளின் பின்பக்கத்தில் மச்சாள் செய்தி எழுதிக்கொண்டிருந்தா.

நத்தார் நல்லபடியாகப் போனது. தங்கச்சியின் கணவர் கத்தோலிக்கர், மரியாள் பேராலயத்துக்கு நள்ளிரவுத் திருப்பலிக்குக் குடை பிடித்துக்கொண்டு போய்வந்தோம். அவருக்குப் பிடித்த பாலப்பம் அம்மா சுட்டா. திரும்பி வந்து படுத்துக் கண் மூடினால், நாலு மணிக்கு மார்கழிப் பூசைக்காரரின் சங்கும் சேமக்கலமும் தெருவில் வந்தன. இரண்டு சமயத்தின் விழாவும் ஒரே இரவுக்குள் வந்த சந்தோசத்தில் யாருக்கும் நித்திரை பெரிதாகப் படவில்லை.

பிறகு 26. 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறை. 2023இலும் அன்று பூரணைதான். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, கரையோரம் இருந்தவ. அந்தக் காலை சுனாமி அலை அவவைக் கொண்டுபோனது.

வானொலிக் குரல் சின்னம்மாவுடையது. ஊரடங்கு போட்ட இரவுகளில், குப்பி விளக்கு வெளிச்சத்தில், வெளியே என்ன சத்தம் கேட்டாலும் நாங்கள் பயப்படக்கூடாது என்று சின்னம்மா வீட்டுச் செய்தி வாசிப்பா. "கோழி இரண்டு முட்டையிட்டதாக எமது செய்தியாளர் தெரிவிக்கிறார்" என்று அவ சொல்லும்போது நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். சத்தமாகச் சிரிக்கவும் ஏலாத காலம். 2004க்குப் பிறகு பத்தொன்பது வருடம் எங்கள் வீட்டில் யாரும் அந்தக் குரலைத் தொடவில்லை. பகிடி அவவோடு போனது என்றே வைத்துக்கொண்டோம். 26 வந்தால் விளக்கு வைப்போம், அழுவோம், அவ எவ்வளவு சிரிக்க வைப்பா என்பதை மட்டும் ஒருவரும் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்லாமல் விட்டதில் பிள்ளைகளுக்குச் சின்னம்மா மாலை போட்ட படம் ஒன்றாகவே இருந்துவிட்டா.

9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம். நாங்களும் விளக்கின் முன் நின்றோம். அன்றைக்கு வீட்டில் யாரையும் சிரிக்க வைக்க யாரும் முயலவில்லை, அது சரியாகவும் இருந்தது. மச்சாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மழைக்கோட்டோடு கடலைப் பார்க்கப் போனா. தங்கச்சி நாள் முழுக்க அறைக்குள் இருந்தாள். அவளை ஒருவரும் "வெளியில வா" என்று அழைக்கவில்லை. சாப்பாட்டை மட்டும் மகள் கொண்டுபோய் வைத்தாள்.

இரவு ஏழரைக்கு அண்ணாவின் மகன் அம்மாவிடம் வந்து மெதுவாகக் கேட்டான். "அப்பம்மா, இண்டைக்குச் செய்தி இல்லையா?"

அம்மா சின்னம்மாவின் படத்தைப் பார்த்தா. "இருக்கு, மகன். இண்டைக்கு அவவின்ர செய்தியைச் சொல்லுறன்." கோழி முட்டையில் தொடங்கினா. சின்னம்மா தன் கல்யாண வீட்டில் மணவறையில் இருந்தபடியே மாப்பிள்ளையின் காதில் செய்தி வாசித்தது, கந்தளாய்ச் சந்தைக்குப் பூசணிக்காய் வாங்கப் போன இடத்தில் ஆட்டுக்குட்டியோடு வந்தது, என்று ஒவ்வொன்றாக வந்தன. அறைக்குள் இருந்த தங்கச்சி கதவைத் திறந்துகொண்டு வந்து, "அந்த ஆட்டுக்குட்டிக்கு அவ வைச்ச பேரைச் சொல்லேல்லையே அம்மா" என்றாள். அழுததும் சிரித்ததும் கலந்துதான் இருந்தன, பிரித்துப் பார்க்க யாரும் மினக்கெடவில்லை.

அடுத்த மார்கழிக்கு அண்ணா குடும்பம் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறது. இந்த முறை மச்சாளிடம் இப்போதே சொல்லிவிட்டேன்: கடல் இல்லை, மழைதான், கன்னியாவுக்கு மூன்று தரம் போகலாம். துவாய்க்காக இவர் பின் விறாந்தைக்குத் தகரம் இறக்கிக் கொடி கட்டியிருக்கிறார். மெழுகுதிரி இரண்டு பெட்டி வாங்கி வைத்தாயிற்று. அண்ணாவின் மகன் போனவாரம் அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தான், மழைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டதா என்று கேட்டு.